ஆற்றுக்கு ஒரு புயல் எச்சரிக்கை

பேய், ஆவி என்று யாராவது வாயெடுத்தாலே எனக்குக் கொட்டாவி வரும். கடற்கரையில் பிறந்தவன் நான், பேசாலைக்காரன், எங்கள் ஊரில் ஆவி பார்த்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கள்ளுக் குடித்தவர்கள். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னை அந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள், சேருங்கள், எனக்குக் கவலையில்லை.

அகதியாக வந்து, டேனிஷ்காரரின் ஸ்கீவ என்கிற ஊரில் இருந்த காலம். ஊரில் இருந்த குடும்பத்தைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்களை அமைச்சர் ஒருவர் தூக்கி மேசைக்குள் போட்டுவிட்டு இருந்தார், பிறகு அதுதான் தமிழர் வழக்கென்று பெரிதாகி அரசாங்கமே விழுந்தது. எங்களுக்கு அப்போது அதொன்றும் தெரியாது. மாதம் தவறாமல் ஒரு கடிதம் வரும், 'பரிசீலனையில் உள்ளது' என்று. என்னத்தைப் பரிசீலிக்கிறார்கள், என் மனுசி என் மனுசிதானா என்றா? அன்று காலையும் அதே கடிதம், அதோடு மனுசியின் கடிதமும் வந்தது. இனிமேல் காத்திருக்க ஏலாது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணையோடு படகில் இந்தியாவுக்குப் போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாள். கடிதம் வந்துசேரவே மூன்று வாரம், நான் என்ன சொல்லி யாரைத் தடுக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஹான்ஸ் வந்து நின்றான், புயல் வருகிறது, சின்னப் படகுகள் போகக்கூடாதென்று வானொலியில் சொல்கிறார்கள் என்று. அவனுடைய படகில்தான் நானும் என்னோடு அறையில் இருந்த சூசையும் ஆற்றுவாயில் வலை போட்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு குடாவில் விழுகிற இடம் அது, நின்றால் இடுப்பளவு தண்ணீர், அதற்கொரு எச்சரிக்கையாம். மழை தூறினாலும் கடுதாசி ஒட்டுகிற சனம். வலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டில் படுக்கிறவனை எங்கள் பக்கத்தில் மனிசனாக மதிக்கமாட்டார்கள். நான் போகத்தான் போகிறேன் என்றேன். ஹான்ஸ் தலையில் அடித்துக்கொண்டு தன் சின்ன வானொலியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் தந்தான், பயந்தாங்கொள்ளி.

பட்டப்பகல், பன்னிரண்டு மணி இருக்கும். ஆற்றோரத்து நாணலெல்லாம் உறைந்து வெள்ளையாக நின்றது, காற்று ஒரு பொட்டும் இல்லை. சூசை துடுப்புப் போட்டான், நான் புயலைத் தேடித்தேடி நக்கலடித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் கடற்பகுதிகளுக்கான அறிவித்தல் தொடங்கியது. ஒரு பெண் வாசிப்பாள், தூங்கி விழுகிற குரலில், இடத்தின் பெயர், காற்று, அலை, அடுத்த இடம். டேனிஷ் எனக்கு அரைகுறை, நான் காதுகொடுக்கவும் இல்லை.

நம்பினால் நம்புங்கள். அதே பெண், அதே தூங்குமூஞ்சிக் குரல், ஒரு மூச்சும் மாறாமல் தமிழில் வாசித்தாள்.

"பேசாலைக்கு வடக்கே, ஒரு படகு. பதினொரு பேர். திரும்பாது. ஸ்கீவ ஆற்றுவாய், ஒரு படகு. இரண்டு பேர். திரும்பலாம்."

பிறகு டேனிஷில் அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். 'திரும்பலாம்' என்றதைக்கூட அலுவலகத்தில் அனுமதி எழுதுகிற மாதிரித்தான் சொன்னாள்.

சூசையிடம் என்ன சொன்னவளென்று கேட்டேன்.

"வழக்கமான காத்துக் கதைதானே. ஏன், முகம் வெளிறிப்போச்சு?"

படகைத் திருப்படா என்றேன். வலை அங்கே மிதக்கிறது, கைக்கெட்டுகிற தூரம், இவ்வளவு தூரம் வந்தது என்னத்துக்கென்று அவன் ஏசினான். நான் துடுப்பைப் பறித்து நானே திருப்பினேன். பயம்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் செத்தால் அந்த விண்ணப்பமும் என்னோடு செத்துப்போகும், மனுசிக்கும் பிள்ளைக்கும் இந்த நாட்டுக்கு வர வேறு வழியில்லை என்பது அப்போதுதான் இந்த மண்டைக்குள் ஏறியது. கரையில் கால் வைத்துக் கயிற்றைக் கட்டி முடிக்கவில்லை, அதற்குள் காற்று வந்தது. குடாத் தண்ணீர் பனிக்கட்டிகளோடு ஆற்றுக்குள் ஏறி, கட்டியிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோதி உடைத்தது. எங்கள் வலை கிடந்த இடம் தெரியவில்லை.

ஆனால் எனக்கு மற்றப் படகுதான் நெஞ்சுக்குள் நின்றது. பதினொரு பேர் யார்? தந்தியடித்தேன், பதில் இல்லை. ஐந்து வாரம் நான் சாப்பிட்டது தூங்கியது ஒன்றும் நினைவில்லை. கடைசியில் கடிதம் வந்தது, மனுசியின் கையெழுத்து. உறையைப் பார்த்துக் குழந்தைமாதிரி அழுதேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால் கடைசி நேரத்தில் நின்றுவிட்டார்களாம். அண்ணையும் அவர் குடும்பமும் அயலாருமாக ஒன்பது பேர் போனார்களாம், இன்னும் ஒரு தகவலும் இல்லையாம். அவர்கள் படகேறியதாக அவள் எழுதியிருந்த நாள், எனக்கு அந்த அறிவித்தல் கேட்ட அதே நாள்தான்.

பிறகு மனுசியும் பிள்ளையும் இங்கே வந்து சேர்ந்தார்கள், மகள் இப்போது மருத்துவமனையில் வேலை, எதைக் கேட்டாலும் டேனிஷில்தான் பதில். மனுசி இன்றைக்கும் சொல்வாள்:

"அண்ணை இந்தியாவில ஏதாவது அகதிக் காம்பில இருப்பார், நீங்கள் பாருங்கோ."

ஓம் என்பேன். எச்சரிக்கை என்றால் நக்கலடித்த இந்த வாயால் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல முடிந்ததில்லை. போனது ஒன்பது பேர். ஆனால் அந்த வானொலிக்காரி வாசித்தது பதினொன்று, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மிச்ச இரண்டு பேரும் இப்போது என் அடுப்படியில் நின்று தேத்தண்ணி போடுகிறார்கள்.