ரொட்டி மாவில் கலந்த தூள்

பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, எங்கள் பேராசிரியையை நான்தான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நான் பிறந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, அங்கேதான் இருக்கிறது. ரொட்டி மாவில் ஓர் இரும்புச்சத்துத் தூளைக் கலந்து சாப்பிட்டால், கொழுந்து பறிக்கும் பெண்களின் ரத்தச்சோகை குறையுமா என்பதுதான் ஆய்வு. ரொட்டி துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. "நம்ம புள்ள கேக்குது" என்று அம்மாவும் மற்றவர்களும் மாதக்கணக்காகத் தின்றார்கள். காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன், ரத்தம் எடுக்கக் கை நீட்டினார்கள்.

தூளால் ஒரு பலனும் இல்லை. அதுவும் ஒரு பதில்தானே, எழுதி அனுப்புவோம் என்றேன்.

"பலன் இல்லைன்னா எந்தச் சஞ்சிகையும் போடாதும்மா. அடுத்த வேலையைப் பாப்போம்" என்றார் மேடம்.

மறுவருடம் பூனாகலைத் தோட்டத்திலிருந்து சித்தி போன் பண்ணினார். "ரொட்டியில போட ஏதோ தூள் குடுக்குறாங்க. ரத்தமும் எடுப்பாங்களாம். இதுவரைக்கும் யாரும் சோதிச்சதே இல்லையாம்."

பெயரைக் கேட்டேன். அதே தூள்.

உடனே மேடத்துக்குப் போன் போட்டு, வேறு யாரோ அதே தூளை மறுபடி சோதிப்பதைச் சொன்னேன். "அவங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கயும் வெளிவரலையே" என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. எங்கள் பெண்களை நம்ப வைத்துக் கழுத்தறுத்தது அவருக்கு உறைக்கவேயில்லை.

சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப ஒங்கம்மா குடுத்த ரத்தத்த என்னாதான் செஞ்சாங்க?"

இன்று எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும், அச்சில் வராத இன்னொன்று எந்த லயத்தில் கிடக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.