வைக்கோலுக்குள் ஒரு கார்

லியோன் நகரத்து வோபெர் கார்த் தொழிற்சாலையில் தகடு வளைப்பவன் அன்செல்ம். பணக்காரர்களுக்கே கார் செய்துவந்த அந்தக் கம்பெனி, ஏழைகளுக்கென்று முதல் சின்னக் காரைச் செய்து முடித்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டு ஜெர்மன் ராணுவம் ஊருக்குள் வந்துவிட்டது. அதுமுதல் அன்செல்ம் ஞாயிறுதோறும் காரணம் சொல்லாமல் கிளம்பினான். மனைவி க்ளோதில்தைச் சந்தேகம் அரித்தது. ஒருநாள் சைக்கிளில் பின்தொடர்ந்து, அவன் நுழைந்த பண்ணைக் கொட்டகையின் கதவைத் தள்ளினாள்.

"எங்கய்யா அவ?"

வைக்கோலுக்குள்ளிருந்து சின்னக் காரின் மூக்கு எட்டிப்பார்த்தது.

"ஜெர்மன்காரன் கையில சிக்கக்கூடாதுன்னு கம்பெனி ஆளுங்க சேர்ந்து ஒளிச்சு வெச்சிருக்கோம்," என்றான் அன்செல்ம்.

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"விசாரிச்சா நீயும் பொய் சொல்லணுமே."

க்ளோதில்த் வைக்கோலை அள்ளி அந்த மூக்கை மூடினாள். பிறகு ஞாயிறுதோறும் காரைப் பார்த்துவர இருவருமாகவே போனார்கள். வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் அவள் சந்தேகப்பட்டாள். போர் முடிந்ததும், விலையுயர்ந்த கார் வாங்க ஆளில்லாமல் தவித்த கம்பெனியைக் கரையேற்றியது அந்தக் கார்தான்.