குட்டை வெட்டிய மண்ணில் ஒரு வீடு

வீடு கட்டுவதென்று முடிவானதும், செங்கல் சூளை போடும் காளவாய்க்காரர் ஒருவர் தானாகவே தேடி வந்தார். "கல்லு எத்தனை லோடு வேணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எனக்குச் சரியென்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வயலுக்குக் கிழக்கே இருக்கும் வயலில் போன கோடையில்தான் அவர் செங்கல்லுக்காக இடுப்பளவு மண் எடுத்திருந்தார். ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் நின்று, நட்ட பயிர் அழுகியது. பஸ் ஏறப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். என் வீட்டுச் சுவருக்காக இன்னொரு வயல் அப்படி ஆக வேண்டாம்.

"கல்லை நானே போட்டுக்கப் போறேங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சுடாத மண்கல்லைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். வெளியூரில் நான்கு நாள் பயிற்சிக்கும் போய் வந்திருந்தேன். மண்ணோடு மணலும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து, மிஷினில் கொட்டி, கைப்பிடியை இழுத்து அழுத்தினால் கல் வந்துவிடும். சூளையும் விறகும் தேவையில்லை. மனையின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு குட்டை வெட்டி, மேல்மண்ணை எங்கள் வயலில் பரப்பிவிட்டு, அடிமண்ணில் கல் போடுவதென்று திட்டம்.

கத்தாரில் வேலை பார்க்கும் என் கணவரிடம் போனில் சொன்னேன்.

"ஊர்ல எல்லாரும் மாடி கட்டுறாங்க. நாம மண்ணுல கட்டுனா, நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன்னு நெனைப்பாங்க."

"நெனைச்சுக்கட்டும். சுவரு நிக்குமான்னு மட்டும் கேளுங்க."

"நிக்குமா?"

"நிக்கும்" என்றேன். உண்மையில் அப்போது எனக்கே தெரியாது.

வேலைக்கு வந்த நான்கு பேரில் ஒருவர் என் வயதுப் பெண். நடவு, களையெடுப்பு, சித்தாள் வேலை எல்லாம் பார்த்தவர். முதல் நாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"எங்க வீட்டு மண்ணு சுவரு புயல்ல விழுந்துச்சு டீச்சர். அதுல மாட்டித்தான் என் வீட்டுக்காரரு காலு ஒடைஞ்சுது. கையில காசு இல்லாம நாங்க மண்ணுல கட்டுனோம். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நான் சொல்றதை நீங்க நம்ப வேணாம். கல்லு காஞ்சதும் நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

கற்களை அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, மூன்று வாரம் தண்ணீர் தெளித்தோம். பிரித்துக் காய வைத்தபோது பாதிக்கு மேல் வெடித்திருந்தன. வெடிக்காத ஒன்றை அவர் காலையில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உள்ளே கையை விட்டு, ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டினார்.

"இந்தாங்க."

அந்தக் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டு, குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் தவறு மண்ணிலா என்னிலா என்று தெரியாமல் விட மனம் ஒப்பவில்லை. ஒரு பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் விரல் கனத்துக்குத்தான் மணல், மற்றதெல்லாம் களிமண். பயிற்சி தந்த ஊரில் இருந்தது மணல் கலந்த செம்மண். அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தேன். குழந்தைகளுக்கு வண்டல் மண் பாடம் நடத்துகிறவள் செய்கிற காரியமா இது!

அடுத்த சனி ஞாயிறுகளில் சிறிது சிறிதாகக் கலந்து பார்த்தோம். மணலைக் கூட்டினேன். சிமெண்டுக்குப் பதில் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, கலவையைச் சில நாள் மூடி வைத்தேன். ஒவ்வொரு கலவைக்கும் பத்துக் கல், அதன் மேல் ஆணியால் ஓர் எண். ஈரம் சரியா என்பதை அந்தப் பெண் ஒரு பிடி பிடித்தே சொல்லிவிடுவார். நான் இரண்டு முறை தவறவிட்ட பிறகு அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டேன்.

நான்காவது கலவையில் போட்ட கல், காய்ந்த பிறகு, வாளியில் மூன்று நாள் கரையாமல் கிடந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து, இன்னொரு கல்லில் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது.

"ம்... இது கல்லு" என்றார்.

அதன் பிறகு தினமும் மிஷின் ஓடியது. ஒரு நாள் நான் வகுப்பில் இருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், வானம் இருட்டிக்கிட்டு வருது. தார்ப்பாய் பத்தலை!" நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. புதிதாகப் போட்ட ஈரக் கற்களின் மேல் கோணிச்சாக்கு, பிளாஸ்டிக் பாய், அவர் வீட்டுப் பழைய புடவைகள் எல்லாம் கிடந்தன. ஓரத்து வரிசை மட்டும் கரைந்திருந்தது. அவர் தலை முதல் கால் வரை நனைந்து நின்றார்.

"என்னங்க இது, புடவையெல்லாம்..."

"தொவைச்சா போச்சு. கரைஞ்ச கல்லைத் திருப்பிப் போட முடியுமா?"

சுவர் எழுப்பும் நேரத்தில் கொத்தனாரோடு சண்டைக்கு நின்றவரும் அவர்தான். "எங்க சுவரு மேலேருந்து விழலை. அடி கரைஞ்சுதான் விழுந்துச்சு. அடியை ஒசத்துங்க" என்றார். எந்தப் புத்தகத்தை விடவும் அது எனக்கு உறைத்தது. இடித்த வீடொன்றின் பழைய செங்கல்லை வாங்கி இடுப்புயரத்துக்கு அடித்தளம் எழுப்பினோம். ஓட்டுக் கூரையைச் சுவருக்கு வெளியே மூன்றடி நீட்டினோம்.

குடிபுகும்போது கணவர் லீவில் வந்திருந்தார். காலையில் வந்தவர்களைச் சுவர் பக்கம் போகவிடாமல் பந்திக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால், ஒருவரைச் சுவரோரம் நிறுத்தி, "இது சுடாத கல்லுங்க, எங்க மனை மண்ணு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலம் போய்விட்டது. மேற்குச் சுவரின் ஒரு மூலை மட்டும் சாரலில் கொஞ்சம் பொரிந்தது. அங்கே சுண்ணாம்பு பூசினேன்.

போன வாரம் அந்தப் பெண் வந்தார். புயலில் போன வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை கட்ட வேண்டுமாம். அதே மாதிரி கல் மிஷின் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டார். கைப்பிடி இழுக்க ஓர் ஆள் குறைகிறதாம்.

சனிக்கிழமை நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.