பக்கத்து மேசையில் விசாரித்தது

எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்க ஒரு முறை உண்டு. அவன் வீட்டில் கேட்கக் கூடாது, சொந்தக்காரர்களிடமும் கேட்கக் கூடாது. அவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, மழை, வெயில் என்று வேறு எதையாவது பேசி, அப்படியே அவன் பேச்சை எடுக்க வேண்டும். டீ ஆற்றுகிறவருக்குத் தெரியாத சங்கதி தெருவில் இருக்காது.

இதற்கு ஆண்கள்தான் போவார்கள். என் சிநேகிதி தன் மூத்த மகளை மம்சாபுரத்தில் கொடுத்தபோது அவள் கொழுந்தனார்தான் போய் விசாரித்துவிட்டு வந்தார். தங்கமான பையன் என்றார். அந்தத் தங்கம் தினமும் குடித்துவிட்டு வந்து அடித்தது. மூத்தவள் இப்போது கைப்பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அதனால் இளையவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு இடம் வந்ததும், "இந்தத் தடவ நானே போறேன். நீயும் வா" என்றாள் சிநேகிதி.

நைட்டி தைக்கும் கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷின் அவளுக்கு. எனக்குப் புது ஆட்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நான் வந்து என்னத்தட்டி பேசப்போறேன்?" என்றேன்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேக்கேன், நீ பதில் சொல்லுறவுக மூஞ்சிய மட்டும் பாரு. பேசிக்கிட்டே இருக்கவளுக்கு மூஞ்சி தெரியாது."

அந்த வேலை எனக்கு முடியும் போலத்தான் இருந்தது.

மாப்பிள்ளை தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். கடையை எளிதாகக் கண்டுபிடித்துவிட்டோம். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது, உள்ளே ஆள் இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பதாகச் சொன்ன டீக்கடையைக் காணோம். அந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடம் இருந்தது. வாசலில் பெரிய தொட்டிகளில் செடிகள். பெயர்ப் பலகையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. நகைக்கடையா, ஆஸ்பத்திரியா என்று நின்று பார்த்தோம். உள்ளே ஒரு பெண் கரண்டியால் எதையோ எடுத்துச் சாப்பிடுவது தெரிந்தது.

"ஓட்டலுட்டி" என்றாள் சிநேகிதி. "டீக்கடைய இடிச்சுக் கட்டிருக்கான். வா, இங்கயே கேப்போம்."

வாசலில் செருப்பைக் கழற்றினோம். கறுப்பு பனியன் போட்ட ஒரு பெண் ஓடிவந்து, "மேடம், செருப்போட வாங்க, செருப்போட வாங்க" என்றாள். மறுபடி மாட்டிக்கொண்டு போனோம். தரை அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் நான் விரலை ஊன்றி ஊன்றி நடந்தேன்.

உள்ளே எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தரை அரண்மனை மாதிரி, ஆனால் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். வேலை முடியுமுன்னே திறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மின்வயர் சுற்றிவரும் மர உருளையைப் படுக்கப்போட்டு மேசை ஆக்கியிருந்தார்கள். ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இல்லை. சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு நல்ல சைக்கிளை மாட்டி வைத்திருந்தார்கள். யாருடையது, அவர் எப்படி இறக்கி ஓட்டுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் எல்லா பல்பும் எரிந்தது, ஆனால் வெளிச்சமே இல்லை.

அந்தப் பெண் மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டி, "இத ஸ்கேன் பண்ணா மெனு வரும் மேடம்" என்றாள்.

"எங்க போன்ல ஆளுக பேசுறது மட்டுந்தான் தாயி வரும்" என்றாள் சிநேகிதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல காயில் கட்டுற தம்பி எப்படி, நல்ல மாதிரியா?" என்று கேட்டாள். மழை, வெயில் எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"எனக்கு யாரையும் தெரியாது மேடம். நான் சாத்தூரு. இங்க எல்லாருமே வெளியூருதான்."

டீ ஆற்றும் ஆளே இல்லாத இடத்தில் யாரைக் கேட்பது? சிநேகிதி சுற்றிலும் பார்த்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்ட பையன்கள், கேக்கைப் போட்டோ எடுக்கும் பிள்ளைகள். பக்கத்து மேசையில் மட்டும் எங்களை மாதிரி சேலை கட்டிய ஒரு அம்மா இருந்தார். எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். உயரமான கண்ணாடி டம்ளரில் நுரை நுரையாக இருந்த காபியை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத எப்படிக் குடிக்கணும்?" என்று சிநேகிதி ஆரம்பித்தாள்.

"எனக்கும் தெரியல. குடிச்சா மூக்குல ஒட்டுது" என்றார் அவர். மூவரும் சிரித்தோம். எங்களுக்கும் அதையே கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் சிநேகிதிக்கு உயிர் வந்தது.

"அக்காவுக்கு இந்தத் தெருவா?"

"ஆமா, பொறந்ததுல இருந்து."

"அந்தக் காயில் கடைத் தம்பி எப்படிக்கா? தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்திருக்கு."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல வேலைக்காரன். வீட்டுக்குச் செய்வான். கோவம் வரும், வந்த மாதிரியே போயிரும்."

"தண்ணி கிண்ணி?"

"குடிச்சான். அவங்க அப்பா செத்த பொறவு கொஞ்ச காலம் ரொம்பவே குடிச்சான். இப்ப நிப்பாட்டிட்டான். இனி தொடவே மாட்டான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

சிநேகிதியின் முகம் விழுந்துவிட்டது. அதற்குள் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, முழங்கை வரை நனைந்த ஒருவன் கையில் ஸ்பேனரோடு வந்தான். எங்கள் மேசையைத் தாண்டி, "மோட்டாரு ஓடிருச்சும்மா. போவமா?" என்று அவரிடம் கேட்டான். தரகர் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் எந்தக் கண்ணாடி கதவு, எந்தக் கண்ணாடி சுவர் என்றே தெரியவில்லை.

"நீ கடைக்குப் போ, வாரேன்" என்று மகனை அனுப்பிவிட்டு, அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க பொண்ணு வீடுதான?"

சிநேகிதி தலையை ஆட்டினாள்.

"பெத்தவகிட்ட கேட்டீங்கங்கிறதுக்காக மாத்திச் சொல்ல முடியுமா? பொண்ணுகிட்டயும் சொல்லிருங்க. பொறவு உங்க இஷ்டம்." எழுந்து போய்விட்டார். பாதிக் காபி அப்படியே இருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே போனதும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா சொல்லும்போது மூஞ்சி எப்படிட்டி இருந்துச்சு?"

"நான் பாக்கலட்டி."

"பாக்கலயா? அதுக்குத்தான உன்னயக் கூட்டிட்டு வந்தேன்!"

"அந்தச் சைக்கிள எப்படி மேல ஏத்திருப்பாகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நாசமாப் போச்சு" என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "பெத்தவளே இம்புட்டு சொல்லுதான்னா உள்ள எம்புட்டு இருக்குமோ. ஆனா மறைக்கிறவளா இருந்தா ஏன் சொல்லப்போறா? எனக்கு ஒண்ணும் ஓடலயே."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டுப் போனது. ஏறாமல் நின்றோம். "பிள்ளகிட்ட இதச் சொல்லணுமாட்டி? சொன்னா பயந்துருவாளே" என்றாள். நான் பதில் சொல்லுமுன் அவளே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஓட்டல், காபி, அந்த அம்மா, குடி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, ஸ்பீக்கரில் போட்ட போனை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

இளையவள் கேட்டாள், "இத அவரு சொன்னாரா, அவங்க அம்மா சொன்னாகளா?"

"அவங்க அம்மாதான்."

"அப்ப அவரும் வந்து என்கிட்டச் சொல்லட்டும். கேட்டுட்டு நான் பதில் சொல்லுறேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லும்மா."

சிநேகிதி போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இது சரியா தப்பா என்று என் முகத்தில் தேடினாள் போலிருக்கிறது. அங்கே என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொல்லத் தரகருக்குப் போன் போட்டாள்.