நான்கு ஆட்டங்கள், வேறொருவன் பெயரில்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் கல்லூரியில் முதலில் ஆள் குறைந்தது கால்பந்து அணியில்தான். எஸ்டேட்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானது. சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்களோ இலை பறிக்கக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று செடியை அப்படியே வளர விட்டார்கள். நல்ல உடம்பும் கால்பலமும் உள்ள பையன்கள் படிப்பைப் பாதியில் விட்டு ஒவ்வொருவராக மலை இறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள்.

மஞ்சூரில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. காரமடைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கடைக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம். நடுவில் வேலி கிடையாது. பந்து நாளைக்குப் பத்துத் தடவையாவது எங்கள் கொல்லையில் வந்து விழும். குனிந்து எடுத்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு உதைத்தே திருப்பி அனுப்புவேன். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, பந்து விழாத நாளிலும் அந்தப் பையன்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அம்மா திட்டுவாள். அப்பா தராசைப் பார்த்துக்கொண்டு எதுவும் கேட்காதவர் போல இருப்பார்.

பி.காம் இரண்டாம் வருடம் படித்தபோது விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் என்னை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டார். பி.டி. சார் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். மழையிலும் தொப்பியைக் கழற்றாத மனிதர்.

"நீ பந்து ஆடுவியாம்மா? பஸ்ல வர்ற பசங்க சொன்னாங்க."

"ஆடுவேங்க சார்."

"பசங்களோடயா?"

"பசங்களோட மட்டுந்தானுங்க ஆடியிருக்கேன்."

அவர் சிரித்தார். மலைக் கல்லூரிகளும் கீழே சமவெளிக் கல்லூரிகள் சிலவும் சேர்ந்து வருடாவருடம் நடத்தும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அணியில் பத்துப் பேர்தான் மிச்சம். இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்காக ஆடியவன் பத்து நாளுக்கு முன்னால் திருப்பூர் போய்விட்டான். அவன் எனக்குத் தெரிந்தவன்தான். மஞ்சூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். எங்கள் கடைக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் அவனுடைய அம்மா கொழுந்து பறித்தார். அவனுடைய மூன்றாம் எண் ஜெர்சியை சார் என் கையில் கொடுத்தார். தோள் இரண்டும் தொங்கியது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன்.

முதல் ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரீ பெயர்ப் பட்டியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க சார் இது?"

பி.டி. சார் அவரைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "மலையில ஆளே இல்லீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. ரெஃப்ரீ திரும்பி வந்து விசில் ஊதினார். அவ்வளவுதான். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் முதல் பத்து நிமிஷம் கூச்சல் போட்டார்கள். "ஏ, பொம்பளப்புள்ளடா!" என்று ஒருவன் கத்தினான். அதற்குப் பிறகு பனிமூட்டம் இறங்கிப் பந்தே தெரியாமல் போனதால் யாருக்கும் என்னைப் பார்க்க நேரமில்லை.

மற்ற ஆட்டங்களுக்கும் அதே ரெஃப்ரீதான். நான்கு ஆட்டம் முழுசாக ஆடினேன். மூன்றில் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். அதில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அந்தக் கோல் என் பக்கமாகத்தான் வந்தது. எதிரணியின் ரைட் விங் என்னைத் தாண்டிப் போய் அடித்தான். எங்கள் கேப்டன்தான் கோல்கீப்பர். சேற்றிலிருந்து எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து, "அவன விட்டுட்டியே, கண்ணு எங்க போச்சு உனக்கு?" என்று கத்தினான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒரு பையன் தப்பு செய்திருந்தால் எப்படிக் கத்துவானோ அப்படியேதான் என்னிடமும் கத்தினான் என்பது வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாம் இடம் பெற்றதற்குக் கல்லூரி ஆண்டு விழாவில் எல்லோருக்கும் சான்றிதழும் கேடயமும் என்று சொன்னார்கள். அக்காவின் பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். கேப்டன் போனான். சென்டர் ஃபார்வர்டு போனான். அடுத்து நானாக இருக்கும் என்று செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

லெஃப்ட் பேக் என்று சொல்லித் திருப்பூரில் இருந்தவனுடைய பெயரை வாசித்தார்கள். "அவருக்குப் பதிலாக அவருடைய தாயார் பெற்றுக்கொள்கிறார்" என்றார்கள்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பின் வரிசையிலிருந்து அவனுடைய அம்மா எழுந்து வந்தார். கல்யாணத்துக்குக் கட்டும் புடவை. மேடைப் படியில் கால் வைக்கத் தெரியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி ஏறினார். கேடயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அணிப் பையன்கள் பத்துப் பேரும் கீழே குனிந்திருந்தார்கள். ஒருவன்கூட என் பக்கம் திரும்பவில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பக்கத்தில் இருந்தவள், "உன்னையக் கூப்பிடவே இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். கடைக்கு வந்தால் என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"மகள், இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு. எங்க பொடியன் ஒண்ணுமே சொல்லல்ல பாரு. போறதுக்கு முந்தி ஆடியிருப்பான் போல."

சான்றிதழ் இங்கிலீஷில் இருந்தது. பஸ் வளைவுகளில் ஆட ஆட, நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இன்ன போட்டியில் நான்கு ஆட்டங்களிலும் லெஃப்ட் பேக்காக ஆடி அணிக்குப் பெருமை சேர்த்தார். "நாலு ஆட்டமுமா!" என்று அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "நல்லதாப் போச்சு போ. பேரு வெளிய வராம இருந்துச்சே" என்றாள். அப்பா தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, "பந்த நீதான ஆடுன கண்ணு? எல்லாரும் பாத்தாங்கல்ல?" என்றார். பார்த்தார்கள். அத்தனை கூட்டமும் பார்த்தது. காகிதம் மட்டும்தான் பார்க்கவில்லை.

திருப்பூரிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கடை டெலிபோனுக்குக் கூப்பிடுவான். அந்த வாரம் அவனுடைய அம்மா கால் மணி நேரம் முன்னாலேயே வந்து, சீனி மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தார். மணி அடித்ததும் எடுத்து, ஒரே மூச்சில் மேடை, கேடயம், கைதட்டல் எல்லாம் சொன்னார். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

"என்னா? ஆடல்லயா? ... அப்ப எதுக்கு உன் பேரச் சொன்னாங்க? ... நீ போனதுக்கு அப்புறமா? ... யாரு?"

ரிசீவரை மெதுவாக இறக்கி மார்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மகள், நீயா ஆடுனது?"

தலையை ஆட்டினேன்.

"என்கிட்ட வாசிச்சுக் காட்டுனியே..." என்றார். அப்பா எழுந்து போய் ரிசீவரை வாங்கி வைத்தார்.

மறுநாள் அந்த அம்மா வேலைக்குப் போகவில்லை. காலை பஸ்ஸில் என்னோடு ஏறினார். மடியில் துணிப்பை, பைக்குள் கேடயமும் சான்றிதழும். கல்லூரியில் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போய் இரண்டையும் மேஜைமேல் வைத்தார். பிரின்சிபால் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த கணக்குப் பேராசிரியர். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளிறியதை நான் பார்த்தேன். பி.டி. சாரையும் கேப்டனையும் வரச் சொன்னார்.

பி.டி. சார் எதையும் மறைக்கவில்லை.

"ஆமாங்க சார், நான்தான் எழுதினேன். இது ஆம்பளப் பசங்க போட்டி. பொண்ணு பேர எழுதியிருந்தா முதல் மேட்ச்லயே வெளிய அனுப்பியிருப்பாங்க. அப்ப இவளும் ஆடியிருக்க மாட்டா, பசங்களும் ஆடியிருக்க மாட்டாங்க. அந்தப் பையன் பேர எழுதினதாலதான் இவ நாலு ஆட்டம் ஆடுனா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது பொய்யில்லை.

"அப்ப மேடையில இவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் பிரின்சிபால்.

"போட்டிக் கமிட்டி ஆளுங்க முன் வரிசையில உக்காந்திருந்தாங்க சார்."

கேப்டன் சுவரோரமாக நின்றிருந்தான். "சார், நான் அடுத்த வருஷம் விளையாட்டுக் காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இந்த சர்டிபிகேட்டத்தான் அதோட வெச்சு அனுப்பியிருக்கேன். இதக் கிளறுனா பத்துப் பேரோடதும் போயிரும்" என்றான். என்னிடம், "நீ நல்லா ஆடுன. எங்களுக்குத் தெரியும். பத்தாதா?" என்று கேட்டான்.

பத்தும் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. "எனக்கு சர்டிபிகேட் வேண்டாங்க சார். அந்த ஒண்ண மட்டும் கிழிச்சுருங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றேன்.

அந்த அம்மா எழுந்து நின்றார். "கிழிக்கிறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? எங்க பொடியன் ஆடல்ல. இந்தப் புள்ள ஆடிச்சு. ஆடுனவ பேர எழுதிக் குடுங்க ஐயா. நான் கேக்குறது அவ்வளவுதான்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுறேம்மா" என்றார். பெயரில் ஒரு திருத்தம் என்றுதான் அவர் நினைத்தார் என்பது இன்றும் என் நம்பிக்கை. நடந்ததை நடந்தபடி எழுதி, பட்டியலில் அந்த ஒரு பெயரை மாற்றித் தரும்படி போட்டிக் கமிட்டிக்குக் கடிதம் அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் படித்தேன். ஆண்கள் போட்டியின் நான்கு ஆட்டங்களிலும் லெஃப்ட் பேக்காக ஒரு மாணவி விளையாடியது விசாரணையில் உறுதியாகிறது. ஆகவே கல்லூரி அணியின் இரண்டாம் இடம் ரத்து செய்யப்படுகிறது. பதினோரு சான்றிதழ்களையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். நான் ஆடினேன் என்று எழுத்தில் சொன்ன ஒரே காகிதம் அதுதான். அதிலும் என் பெயர் இல்லை. முதல் வரியைப் படித்தபோது எனக்குள் சட்டென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. அடுத்த வரிக்குப் போவதற்குள் அந்தச் சந்தோஷத்தை நினைத்தே உடம்பு கூசியது.

கேப்டன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். கையை நீட்டி அந்தத் தாளைக் கிழித்தெடுத்தான்.

"திருப்தியா?" என்றான்.

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. விளையாட்டுக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. படிப்பு முடியும்வரை ஒரே கட்டடத்தில் இருந்தோம். எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துப் போவான். பி.டி. சாரிடம் விளக்கம் கேட்டார்கள். அடுத்த வருடம் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "உன்ன ஆட வெச்சதுக்கு வருத்தமில்லம்மா" என்றார். மற்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில் வந்த விஷயத்தை அந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பேர எழுதுங்கன்னுதானே சொன்னேன். பத்துப் பொடியன்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே மகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதச் சொன்னது தப்பில்லை என்று அப்பா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உன்கிட்டப் பேசணுமாம்."

அவன் திட்டத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவனுடைய பெயரும் அல்லவா இதில் இழுபட்டது?

"ஃபைனல்ல எதிர்ல வந்தது யாரு? கீழ்க் காலேஜா?" என்று கேட்டான். பின்னால் மெஷின் சத்தம் இரைந்துகொண்டிருந்தது.

"ஆமா."

"குட்டையா ஒருத்தன் ரைட் விங்குல ஓடுவானே?"

"அவனேதான். அவன்தான் கோல் அடிச்சான். என்னையத் தாண்டித்தான் போனான்."

"எப்பிடிப் போனான்? வெளிய போற மாதிரி காட்டி உள்ள வெட்டுனானா?"

"இல்ல. உள்ள வருவான்னு நான் நின்னேன். அவன் வெளியவே ஓடிட்டான்."

அந்தப் பக்கம் சத்தமாகச் சிரித்தான். "போன வருஷம் நானும் அப்பிடித்தான் நின்னேன். என்னைய ரெண்டு தடவ ஏமாத்துனான்."

ஆட்டம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பிரின்சிபால் அறையிலும் வகுப்பிலும் வீட்டிலும் பஸ்ஸிலும் என்னைப் பற்றி எவ்வளவோ பேசியிருந்தார்கள். நான் எப்படி ஆடினேன் என்று அதுவரை ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

"மத்த மூணு மேட்ச்சும் சொல்லு. மொத மேட்ச்சுல மைதானம் ஈரமா இருந்துச்சா?" என்றான்.

அவனுடைய அம்மா சீனி மூட்டை மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் ஆட்டத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.