எக்ஸ்ரேயில் தெரியாத வலி

டெப்போவில் அவரை எல்லோரும் 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் பஸ் டிரைவர். வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்பார். யாரையோ விசாரிக்க வந்தவர் மாதிரி இருக்கும். கையை எடுத்தால் முதுகு விண்ணென்று தெறிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். வண்டி ஓட்டிய இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு வருடம் இந்த வலியோடுதான்.

மூன்று டாக்டர்களிடம் போய்வந்தாயிற்று. மூவரும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல" என்றார்கள்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் சார் வலிக்குது?"

"வயசாகுதில்ல?" என்றார் மூன்றாவது டாக்டர், தன் பிடரியைத் தானே அமுக்கிவிட்டபடி. அவருக்கு இவரைவிடப் பத்து வயதாவது குறைவு.

ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் நெரியும் நேரத்தில், கிளட்சை மிதித்த கால் மரத்துப்போனது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அதன்பிறகு சீட்டை விட்டு எழ முடியவில்லை.

"என்னய்யா, வழியில நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "எட்டு மணிக்கு நான் போனாத்தான் ராத்திரி டியூட்டிக்காரி வீட்டுக்குப் போக முடியும்" என்று ஒரு நர்ஸ் புலம்பினாள். திட்டிக்கொண்டே முன்னால் வந்த கொத்தனார் ஒருவர், டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் "அம்மா!" என்று தன் தோளையே பிடித்துக்கொண்டார்.

ஒரு மாத ஓய்வுக்குப்பின் இவரை லீவு விண்ணப்பங்கள் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் மாதம் வந்தவை தொண்ணூற்றொன்று. காய்ச்சல் என்று எழுதியவர்கள் பன்னிரண்டு பேர்தான். ஐம்பத்தெட்டு பேர் முதுகு, கழுத்து, மூட்டு, தலைவலி என்று எழுதியிருந்தார்கள். இவை எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் மேனேஜரின் ஒரே குறிப்பு: 'சாக்கு?'

ஓட்ட ஆள் இல்லாமல் நின்றுபோன டிரிப்புகளையும் எண்ணிப் பார்த்தார். நூற்று நாற்பது. டிரிப்புக்கு ஐம்பது பேர் என்றாலும் ஏழாயிரம் பேர் நிறுத்தத்தில் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

அன்று மாலை மனைவியிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டார். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எங்க கம்பெனியில வந்து எண்ணுங்க, இதைவிட ஜாஸ்தி தேறும். எனக்கே நாலு வருஷமா வலது கை தோளுக்கு மேல ஏறல."

"நாலு வருஷமாவா? ஏன்டி சொல்லல?"

"நீங்கதான் தினம் முனகிட்டு வர்றீங்களே. வீட்டுக்கு ஒருத்தர் முனகினா போதாதா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்றே உட்கார்ந்து மேனேஜருக்கு மூன்று பக்கம் எழுதினார்: டிரைவர் சீட்டுகளை மாற்றுங்கள், இரண்டு டிரிப்புக்கு நடுவே கால் மணி நேரம் கொடுங்கள், வலி என்று வருகிறவனைப் பொய்யனாக்காதீர்கள்.

பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். முதல் நாள் குனிந்தவர்களில் இரண்டு பேர் நிமிர முடியாமல் லீவு எழுதிக் கொடுத்தார்கள். அந்த விண்ணப்பங்களும் இவர் மேசைக்குத்தான் வந்தன. டெப்போவே சிரித்தது. இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விடாமல் மாதாமாதம் கணக்கெடுத்துக் கொடுத்தார். ஆறாவது மாதம் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"கதவைச் சாத்துங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க முதுகுக்கு என்ன மாத்திரை போடறீங்க?"

"சீட்டு விஷயம் என்னாச்சு சார்?"

"அது மேலிடத்துல இருக்கு. மாத்திரை பேரைச் சொல்லுங்க."

சொன்னார். மேனேஜர் அதை இவருடைய அறிக்கையின் ஓரத்திலேயே குறித்து, அந்தத் துண்டை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.