வெட்டாத ஒட்டு

ஏழாம் விதியை எழுதியவன் நான்தான். ‘ஓர் ஒட்டு இருநூறு வரிகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திருப்பி அனுப்பப்படும்.’ முதல் வாக்கியம் தேவைக்காக எழுதியது. இரண்டாவது, என் மனநிறைவுக்காக.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு மென்பொருள் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் மாற்றங்களை அனுமதிக்கும் குழுவில் இருந்தேன். அனுமதிக்கும் குழு என்பது பெயர்தான். ‘இல்லை’ என்பதைப் பதினான்கு விதமாகச் சொல்லும் படிவம் ஒன்று என்னிடம் இருந்தது, நானே வடிவமைத்தது. ஓய்வு பெற்றதும், நான் குடியிருக்கும் புக்கிட் பாத்தோக்கில் என் வயதுக்காரர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கைகளை மெதுவாக அசைத்து உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். நான், தமிழ் எழுத்தைச் சத்தமாக வாசிக்கும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கும் தொண்டூழியர்களோடு சேர்ந்தேன். பார்வையில்லாதவர்களுக்கான மென்பொருள். எந்த மாற்றத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் காவலர்கள் மூவர்: சென்னையில் ஒரு பெண்மணி, டொராண்டோவில் ஒருவர், இங்கே நான்.

ஒட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிரலின் எல்லா வரிகளும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் இருக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். அதில் மாற்றம் செய்ய விரும்புகிறவர் ஒரு கோப்பு அனுப்புவார். இந்த வரிக்கும் அந்த வரிக்கும் நடுவில் இதை எடு, இதை வை என்று அதில் இருக்கும். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுகிற வேலைதான். ஒரே வித்தியாசம், இயந்திரம் முதலில் சுற்றியுள்ள துணியைப் பார்க்கும். அக்கம்பக்கத்து வரிகள் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் தைக்கும். பொருந்தாவிட்டால் ஒட்டை முகத்தில் விட்டெறியும்.

பெரிய ஒட்டு எனக்கு ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் உண்டு. அலுவலகத்தில் ஒரு முறை மிகப் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. ஐந்து பேர் கையெழுத்திட்டோம், ஒவ்வொருவரும் மற்ற நால்வர் படித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில். மறுநாள் உறைந்த மீன் பெட்டிகள் ஆர்க்கிட் பூக்களின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. பூக்கள் என்ன பாடுபட்டன என்பதை அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

ஆகவே, ஒரு திங்கட்கிழமை காலை நாலாயிரத்துச் சொச்சம் வரிகளோடு ஓர் ஒட்டு வந்தபோது, கால் மணி நேரத்தில் விதி எண்ணைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கால் மணியில் பத்து நிமிடம் தேநீருக்குப் போனது. அது களஞ்சியத்தில் பொருந்துகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

மதியம் தொலைபேசி அடித்தது. அவசரத்துக்கு என்று திட்டத்தின் பக்கத்தில் என் எண் இருக்கும். எட்டு வருடத்தில் யாருக்கும் அவசரம் வந்ததில்லை.

“அண்ணே, நான்தான் அந்தப் பெரிய பேட்ச் அனுப்பினவ. ஏழாம் நம்பர் ரூல்னு போட்டுத் திருப்பிட்டீங்களே?”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், மேடம்.”

“மேடம்லாம் வேணாம்ணே. மேடம்னு ஆரம்பிக்கிறவங்க எல்லாம் ‘நோ’ன்னுதான் முடிப்பாங்க.”

ஐம்பதை ஒட்டிய குரல். ஒரு காலத்தில் கப்பல் நிறுவனமொன்றில் நிரல் எழுதியவராம். ஏழு வருடத்துக்கு முன் பார்வை முழுக்கப் போயிற்று. இப்போது லிட்டில் இந்தியாவில், வயதானவர்களின் வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். எங்கள் மென்பொருள் அதை வாசிக்கும், இவர் கேட்டு வேன் ஓட்டுநருக்கான பட்டியலில் ஏற்றுவார். மூன்று மாதச் சோதனைக் காலம், மாதக் கடைசியில் முடிகிறது.

“வாசிக்கிறதுல என்ன பிரச்சினை?”

“உங்க மிஷின் வாசிக்கலண்ணே, கணக்குப் போடுது. எட்டாவது மாடி, நூத்தி நாப்பத்து மூணாம் நம்பர் வீடு. நடுவுல ஒரு கோடு போட்டு எழுதுவாங்க இல்ல? அதை ‘எட்டு கழித்தல் நூற்று நாற்பத்து மூன்று’ங்குது. நான் சாப்பாடு அனுப்பவா, விடை கண்டுபிடிக்கவா?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒவ்வொரு மெசேஜையும் மூணு தடவை கேக்கறேன். வேன் பத்தரைக்குக் கிளம்பிடும். முதலாளியம்மா நல்லவங்கதான். ஆனா ‘கண்ணு தெரியாததால லேட் ஆகுது’ன்னு நினைக்கிறாங்க. கண்ணால இல்லண்ணே, கழித்தலால.”

வீட்டுக் கணினியில் தன் திருத்தங்களோடு எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றார். ஆனால் அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவர்கள் அதிகாரபூர்வ வெளியீட்டைத் தவிர எதையும் ஏற்ற மாட்டார்கள். நியாயமான விதி. நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். எங்கள் அடுத்த வெளியீட்டுக்கான கதவு பன்னிரண்டு நாளில் மூடும். அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

“அப்படின்னா சின்னச் சின்னதா வெட்டி அனுப்புங்க. பாக்கறேன்” என்றேன், பெருந்தன்மையோடு.

மூன்று நாளில் இருபத்து மூன்று துண்டுகள் வந்தன. எதுவும் இருநூறு வரியைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பது ஒட்டிக்கொண்டன. பதினான்கைக் களஞ்சியம் துப்பிவிட்டது. அக்கம்பக்கத்து வரிகள் பொருந்தவில்லையாம். இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் அனுபவசாலி என்ன செய்வான்? எதிராளி மேல் பழி போடுவான். ‘நீங்கள் பழைய படியை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறீர்கள். புதிய படியில் மீண்டும் செய்து அனுப்பவும்’ என்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது. ‘நேர்ல வாங்கண்ணே, நான் வர்றதைவிட நீங்க வர்றது சுலபம்.’

மறுப்பதற்குப் படிவம் இல்லாததால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நியூட்டன் நிலையத்தில் ரயில் மாறி, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடிப்படி ஏறினேன். கறிவேப்பிலை தாளிக்கும் நெடியில் தும்மிக்கொண்டே உள்ளே போனால், சுவரோரம் ஒரு மேசையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி ஒரு காதில் மட்டும் காதொலிப்பான் செருகி உட்கார்ந்திருந்தார்.

“லாத்தா, உங்க ரூல் அண்ணன் வந்துட்டாரு!” என்று அடுப்படியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். தமிழ் முஸ்லிம்கள் அக்காவை லாத்தா என்பார்கள்.

“தும்மல்லயே தெரிஞ்சிது” என்றார் இவர். “உக்காருங்கண்ணே. ரெண்டு மெசேஜ் இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்.”

எனக்காக ஒலியை வெளியே விட்டார். எங்கள் மென்பொருள், மனிதப் பேச்சைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பொரிந்தது. எனக்கு ‘கழித்தல்’ மட்டும் புரிந்தது. அவர் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டு, விரலால் எண்ணிப் பட்டியலில் ஏற்றினார். வாசலில் ஓட்டுநர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். “லாத்தா, இன்னும் எத்தனை லா?” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வழக்கமாகிவிட்ட தாமதத்துக்குத்தான் யாரும் கோபப்படுவதில்லை.

வேன் போனதும் வேலையைத் தொடங்கினோம். பொருந்தாத ஒரு வரியை எடுத்தேன். ‘தொலைபேசி’ என்ற சொல் இருந்த வரி.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றேன்.

“எனக்கும் ஒண்ணாத்தான் கேக்குது. இருங்க, எழுத்துக் கூட்டிக் கேப்போம்.”

எழுத்தெழுத்தாக வாசிக்கும் வசதியை நான் சோதித்திருக்கிறேன், பயன்படுத்தியதில்லை. அவருடைய துண்டிலிருந்த சொல்லை இயந்திரம் கூட்டியது: ‘தகரம், ஒகரக் குறி, லகரம்…’ அடுத்து, களஞ்சியத்திலிருந்த அதே சொல்: ‘தகரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால், லகரம்…’

இருவரும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றோம்.

பேனாவால் எழுதும்போது ‘தொ’வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கணினியில் அந்த இரண்டையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம், ஒரே குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். சத்தமாக வாசித்தால் ஒரே ஒலி. என் கண்ணும் ஏமாந்தது, அவர் காதும் ஏமாந்தது. இயந்திரம் மட்டும் ஏமாறவில்லை.

“யாரு இப்படிக் கொம்பையும் காலையும் பிரிச்சுப் போட்டு வச்சது?” என்று கேட்டார்.

களஞ்சியத்தைக் கேட்டேன். அது எதையும் மறக்காது. எட்டு வருடத்துக்கு முன், நான் ஓய்வு பெற்ற முதல் மாதத்தில், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றப்பட்ட கோப்பு. ஏற்றியவர் பெயர் திரையில் தெரிந்தது: என்னுடையது.

“நம்ம ஆளுதான்” என்றேன்.

“ஓ” என்றார், மிக மரியாதையாக.

“நீங்க எதுல வச்சு வெட்டினீங்க?”

“போன்ல. நோட்ஸ்ல போட்டு வெட்டினேன்.”

புரிந்துவிட்டது. அந்தச் செயலி சேமிக்கும்போதே பிரிந்த கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதன்பின் அக்கம்பக்கத்து வரிகள் களஞ்சியத்திலிருப்பவை அல்ல. கொம்பும் காலும் இல்லாத துண்டுகள் தப்பித்தன. மற்றவை மாட்டின.

“அண்ணே” என்றார் மெதுவாக. “முதல்ல அனுப்பினது நான் கையால தொடவே இல்ல. மிஷின் போட்டுக் குடுத்ததை அப்படியே அனுப்பினேன்.”

மின்னஞ்சலில் தேடி, நான் கால் மணியில் திருப்பிய அந்த நாலாயிரம் வரி ஒட்டை எடுத்து, களஞ்சியத்தின் ஒரு புதுப் படியில் போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலன்னா? எனக்குச் சத்தம் வரலன்னாலே பயம்ணே.”

“ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். மொத்தமும். குறை இருந்தாத்தான் அது வாயைத் திறக்கும்.”

“நல்ல பழக்கம்” என்றார் அவர். யாரோடு ஒப்பிட்டுச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒட்டிக்கொண்டது என்பதாலேயே உள்ளே விட்டுவிட முடியாது. மீன் பெட்டிகளை நான் மறக்கவில்லை. ஏழு நாள் மீதமிருந்தது. ஒரு நாளைக்கு எழுநூறு வரி என்று ஆறு நாளில் படித்து முடித்தேன். பாதியைக் கண்ணால் படித்தேன், மீதியை அவர் சொன்னபடி காதால் கேட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே காரணம் எழுதியிருந்தார். தமிழில் ஒரே ‘ப’தான். எங்கே மென்மையாக, எங்கே அழுத்தமாக என்பதை இயந்திரத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். ‘பாயா லேபார்: இரண்டு பா, இரண்டு ஒலி. முதலாவது படத்தின் ப, இரண்டாவது பஸ்ஸின் ப.’ ‘புக்கிட் பாத்தோக்: மலாயில் பாத்தோக் என்றால் இருமல். இருமுகிற மாதிரி அடியிலிருந்து வரவும்.’ அங்கே முப்பது வருடமாகக் குடியிருப்பவன் நான். என் ஊரின் பெயரை என் மென்பொருள் எட்டு வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் அதைக் கேட்டதேயில்லை.

மற்ற இரு காவலர்களின் ஒப்புதல் வேண்டும். டொராண்டோக்காரர் உடனே சரி என்றார். சென்னைப் பெண்மணி எழுதினார்: ‘ஏழாம் விதி, ஏழாம் விதின்னு ஒருத்தர் எங்களை மிரட்டிக்கிட்டே இருப்பாரே, அவர் நலமா?’

நலம் என்று எழுதினேன். ஆனால் விதி விதிதான். அது இருக்கும்போது மீறினால் நானே என்னைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் முதலில் இன்னோர் ஒட்டு அனுப்பினேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறியது. ஏழாம் விதியின் இரண்டாவது வாக்கியத்தை எடு, இதை வை: ‘தாண்டினால், அனுப்பியவரை அழைத்துப் பேசவும்.’ அது ஏற்கப்பட்ட பிறகு, கதவு மூட ஒரு நாள் இருக்கும்போது, நாலாயிரத்துச் சொச்சம் வரிகளும் ஒரே வீச்சில் உள்ளே போயின. களஞ்சியம் வாயைத் திறக்கவில்லை.

வெளியீடு வந்தது. அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவர்கள் தங்கள் விதிப்படி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏற்றினார்கள். மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. நானாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டு, தப்பான பதில் வந்தால் அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

அடுத்த மாதம் முதல் வாரம், ஒரு காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பின்னால் பாத்திரச் சத்தம்.

“அண்ணே, ஒரு பிழை. அவசரம் இல்ல.”

“எங்கேருந்து பேசறீங்க?”

“வேற எங்கேருந்து? என் மேசையிலேருந்துதான். வேன் பத்து இருபதுக்கே போயிருச்சு, அதான் சும்மா இருக்கேன்.”

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். “சொல்லுங்க.”

“முதலாளியம்மா நேத்து ஃபுட்பால் நியூஸ் வாசிக்கச் சொன்னாங்க. ரெண்டு கோல், ஒரு கோல்னு கோடு போட்டு எழுதியிருக்கான். நம்ம மிஷின், ‘இரண்டாம் மாடி, ஒன்றாம் எண் வீடு’ங்குது. ‘ஏம்மா, அந்த வீட்டுக்கு என்ன சாப்பாடு?’ங்கறாங்க.”

நாலாயிரம் வரியையும் படித்தவன் நான். கேட்டவனும் நான். என் கண்ணிலும் காதிலும் படாமல் இது நழுவியிருக்கிறது.

“எத்தனை வரி திருத்தணும்?”

“ஒண்ணுதான்ணே. அனுப்பட்டா, இல்ல முதல்ல கூப்பிட்டுப் பேசணுமா?”